கையால் அடித்த நீலம்

ஜூன் 4, ஞாயிறு

இன்றும் காபி வாங்க நான்தான் கீழே போனேன். யாரும் கட்டளை போடவில்லை. "யாராவது கீழ போறீங்களா?" என்று ரகுநந்தன் பொதுவாகத்தான் கேட்டார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அண்ணா நகரில் ஒரு காபிக் கடை, அதன் மாடியில் ஏசி போட்ட ஒரு ஹால். ஞாயிறு மதியம் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறார்கள். தெர்மோகோல் மலையும் பாசி ஒட்டிய காடும் வைத்த மேஜைகளில், கட்டைவிரல் உயரப் பொம்மைகளை நிறுத்திப் போர் நடத்துகிறார்கள். இன்ச் டேப்பால் அளந்து படையை நகர்த்துவார்கள். தாயக்கட்டை உருட்டி யார் செத்தார் என்று முடிவு செய்வார்கள். எல்லோரும் பெரிய சம்பளக்காரர்கள். ஒரு பொம்மைப் பெட்டியின் விலையை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கு வேலைக்குப் போகக் கால் வராது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரியில் இந்தப் பொம்மைகளுக்குப் பிரஷ்ஷால் கண் வைக்கிறவள் நான். அவை எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்க்கத்தான் முதலில் இங்கே வந்தேன். பிறகு ஆட்டம் பிடித்துவிட்டது. நன்றாகவும் ஆடுகிறேன். போன மாதம் இரவல் படையை வைத்து ரகுநந்தனின் குதிரைப்படையைச் சதுப்பில் இறக்கி அடித்தேன். "புதுசா ஆடறவங்களுக்கு லக் இருக்கும்" என்றார். அவருக்குச் சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி. கிளப்பும் அவருடையது மாதிரிதான்.

கிளப்பின் வழக்கம் இது: சொந்தப் படை இருந்தால் மெம்பர். இல்லாவிட்டால் விருந்தாளி. விருந்தாளி, ஆள் குறைந்தால் இரவலுக்கு ஆடலாம். மற்ற நேரம் வேடிக்கை. காபி.

இன்று ரகுநந்தனுக்கும் தணிகாசலம் சாருக்கும் மறுபடி தகராறு. தணிகாசலம் சார் பேங்கில் ரிட்டயர் ஆனவர். கை நடுங்கும். பெயின்ட் அடித்தே பெட்டியில் வருகிற ப்ரீபெயின்ட் பொம்மைகளைத்தான் வாங்குவார்.

"சார், நீங்க வெச்சிருக்கறது பொம்மை. நாங்க வெச்சிருக்கறது மினியேச்சர்" என்றார் ரகுநந்தன்.

"ரெண்டும் ஒரே அச்சுலதானப்பா வார்த்தது?"

"பெயின்ட்? அது மெஷின் அடிச்சது. அதுல மனுஷக் கை இல்ல சார். உயிர் எங்க இருந்து வரும்?"

என்னைப் பார்த்துத் தலையாட்டச் சொல்வதுபோல் சிரித்தார். நானும் ஆட்டித் தொலைத்தேன். என்ன வேலை என்று கேட்டபோது டிசைன் பக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்யில்லை. டிசைன் கார்டைப் பார்த்துத்தானே கண் வைக்கிறேன்.

ஜூன் 5, திங்கள்

லைனில் என் இடப்பக்கத்துச் சீட்டு ஜரீனா. அவள் பொம்மைகளின் போர்வைக்குப் பெயின்ட் அடிப்பாள். அவளுக்கு முன்னால் சரோஜா தோலும் முகமும். இன்னும் முன்னால் கவசம், பூட்ஸ், வாள். ஜரீனா முடித்த டிரே என்னிடம் வரும். நான் நுனி மெலிந்த ஜீரோ பிரஷ்ஷால் கண் வைத்து கியூ.சி. சோதனைக்குத் தள்ளுவேன். நானும் அவளும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். நான் பி.எஸ்ஸி., அவள் பத்தாவது. சம்பளம் ஒன்றுதான், இரண்டு பேரும் கான்ட்ராக்ட்.

சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் சொன்னேன். கிளப்பைப் பற்றியில்லை. பொதுவாக. "இதெல்லாம் மெஷின் அடிக்குதுன்னு ஜனங்க நெனைக்கிறாங்க ஜரீ."

"மெஷினா? மெஷினுக்கு முதுகு புடிக்குமாடி? மெஷினு பாத்ரூம் போவணும்னா தேவநாதன் கைல டோக்கன் வாங்கணுமா?"

சரோஜா சோற்றைத் துப்பிச் சிரித்தாள்.

ஜூன் 9, வெள்ளி

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. 

காலையில் சூப்பர்வைசர் தேவநாதன், ஜரீனா பாத்ரூமில் எவ்வளவு நேரம் இருந்தாள் என்பதை லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "அங்க இன்னா குடித்தனமா நடத்துற?" என்றான். ஆண்கள் பேக்கிங் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஜரீனா சீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்து பிரஷ்ஷைக் கழுவினாள்.

மதியத்துக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த டிரேயில் எல்லாப் போர்வையும் நீலம்.

கார்டில் சிவப்பு. பட்டையடித்தாற்போல ஒரே சிவப்பு, கீழே ஒரு கோடு இருட்டு. இந்த நீலம் கார்டிலேயே இல்லாதது. எதெதையோ கலந்திருக்கிறாள். மடிப்புக்குள் கிட்டத்தட்டக் கறுப்பு, மேலே வர வர வெளுத்து, தோள்பட்டையில் வெயில் பட்ட மாதிரி. இரண்டு வருஷமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு இது வரும் என்று எனக்குத் தெரியாது.

அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தட்டிக் கேட்டிருக்கலாம், எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம், டிரேயை ஒளித்து வைத்திருக்கலாம். என் வேலை கண். கண் வைத்தேன். தள்ளினேன்.

கியூ.சி.யில் கத்தினார்கள். ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று தேவநாதன் ஜரீனாவை அனுப்பிவிட்டான். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எப்படி இருந்துச்சு?"

"சூப்பர்டி" என்றேன்.

டிரேயை ஸ்கிராப் டிரம்மில் கொட்டினார்கள். டிரம்மிலிருந்து குழந்தைகளுக்கு என்று யாராவது எடுத்துப் போவது வழக்கம்தான், தேவநாதன் கண்டுகொள்ளமாட்டான். நீலம் மொத்தத்தையும் பொறுக்கி டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு படைக்குப் போதும்.

ஜூன் 11, ஞாயிறு

"சர்ச்சுல பூசைக்கு வரமாட்ட, பொம்ம ஆட்டத்துக்கு மட்டும் சீவி சிங்காரிச்சிட்டுப் போற" என்று அம்மா வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சொன்னாள்.

ரகுநந்தன் அறிவித்தார். ஆகஸ்ட் ஆறாம் தேதி போட்டி. கையால் பெயின்ட் அடித்த படை மட்டும்தான் மேஜையில் ஏறலாம். ஒவ்வொரு படைக்கும் யார் கை என்று சொல்ல வேண்டும். ப்ரீபெயின்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அன்று படையோடு வருகிற விருந்தாளிகள் மெம்பர் ஆகலாம்.

"அப்போ நான்?" என்றார் தணிகாசலம் சார்.

"நீங்க ஜட்ஜா இருங்க சார்."

"நான் ஆடத்தான்பா வரேன்."

அவர் கை நடுங்குவது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் போனைப் பார்த்தார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ரகு, உங்க படைய நீங்களா அடிச்சீங்க?" அவரை சார் என்று கூப்பிடக் கூடாது. இங்கே எல்லோரும் சமம் என்பார்.

"இல்ல, பெங்களூர்ல ஒரு ஸ்டுடியோ. ஆர்டர் குடுத்து, கமிஷன்ல அடிச்சது. எட்டு மாசம் காத்திருந்தேன்."

"அப்போ அது உங்க கை இல்லையே?"

"ஒரு ஆர்டிஸ்ட்டோட கை ஆக்னஸ். அதான் வித்தியாசம்."

காசு வாங்கி இன்னொருவர் அடித்தால் கை. சம்பளம் வாங்கி இன்னொருத்தி அடித்தால் மெஷின். இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். திருமங்கலம் வரை நடந்தபோதுதான் வார்த்தை வந்தது. ஷேர் ஆட்டோவில் பக்கத்துப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சத்தமாகப் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது.

ஜூன் 18, ஞாயிறு

நீலப்படையைக் காட்ட எடுத்துப் போனேன்.

எல்லோரும் மொய்த்தார்கள். ரகுநந்தன் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்து முத்திரையைப் பார்த்தார்.

"இது ப்ரீபெயின்ட் லைன்ல வர்றதாச்சே? ஆனா இந்தக் கலர் வராதே. எங்க புடிச்ச?"

நான் அடித்தது என்று சொல்லியிருக்கலாம். கண் மட்டும் என்றாலும். சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்ததும் வரும். "வாங்குனேன்" என்றேன்.

"சான்ஸே இல்ல, ஏதோ ஃபேக்டரி மிஸ்டேக். ஆனா வார்ப்பு நல்லா இருக்கு. டெட்டால்ல ஊறப் போட்டுப் பெயின்ட்ட உரிச்சிடு. நீயே அடி. உன்கிட்ட அந்த ஆட்டம் இருக்கு ஆக்னஸ், உனக்கொரு படை இருந்தா போதும்."

அந்தக் கடைசி வாக்கியம் என் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன்.

"வேணாம்மா. பாவம், அழகா இருக்கு" என்றார் தணிகாசலம் சார்.

ஜூன் 20, செவ்வாய்

வீடெல்லாம் ஆஸ்பத்திரி வாசனை. "யாருக்கு அடிபட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே அம்மா வேலையிலிருந்து நுழைந்தாள்.

ஐஸ்கிரீம் டப்பாவில் டெட்டாலை ஊற்றி, படையை அதில் போட்டு மூடிவிட்டேன். ஒன்று மட்டும் வெளியே நிற்கிறது. டப்பாவில் இடம் இல்லை.

ஜூன் 21, புதன்

ஊறியதை டெட்டாலிலேயே தேய்த்துக் கழுவ வேண்டுமாம். தண்ணீர் பட்டால் உரிந்த பெயின்ட் பசையாகிவிடுமாம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்னார்களோ என்னவோ, நான் காதில் வாங்கவில்லை.

குழாயடியில் பிடித்துத் தேய்த்தேன். நீலமெல்லாம் புளியங்கரைசல் மாதிரி இழுத்தது. பொம்மைகளின் கழுத்து, அக்குள், வாள் முனை எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. என் விரல்களில், பழைய பல் பிரஷ்ஷில், தொட்டி விளிம்பில். கண்களெல்லாம் போய்விட்டன. ஊசியை வைத்துக் குத்திக் குத்தி எடுத்தேன். மண்ணெண்ணெய் போட்டும் நகத்திலிருந்து போகவில்லை.

பெயின்ட் போன பிறகு பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஒருவன் முகத்துக்கும் இன்னொருவன் முகத்துக்கும் வித்தியாசம் கிடையாது.

ஜூன் 23, வெள்ளி

ஜரீனா வேலைக்கு வந்துவிட்டாள். ஒரு வாரம் என்றவன் இரண்டு வாரம் ஆக்கிவிட்டான். கேட்க யார் இருக்கிறார்கள்?

"அந்த நீலத்த டிரம்முல போட்டாங்களா, இல்ல நசுக்கிட்டாங்களா?"

"நான் எடுத்து வெச்சிருக்கேன்" என்றேன்.

அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "எல்லாத்தையுமா? ஏ, ஒண்ணு என் பொண்ணுக்குக் குடுடி. அம்மா அடிச்சதுன்னு காட்டணும்."

"எடுத்துட்டு வரேன்."

சிறிது நேரம் கழித்து, பிரஷ்ஷை எடுக்கும்போது அவள் கண் என் நகத்தில் நின்றது.

"நகத்துல இன்னா?"

"பேனா மை."

"எந்தப் பேனாடி இந்தக் கலர்ல எழுதுது?"

டிரே வந்தது. வேலை பார்த்தோம்.

ஜூலை 2, ஞாயிறு

கிளப்புக்குப் போகவில்லை. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் அக்ரிலிக் டியூப்கள் வாங்கிவந்து உட்கார்ந்தேன். போர்வை அடித்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 4, செவ்வாய்

ஒரு பொம்மையின் மேல் நான் எதையும் முழுசாக அடித்ததே இல்லை. அந்த உண்மை இப்போதுதான் உறைக்கிறது. வெள்ளைப் புள்ளி, கறுப்புப் புள்ளி, அடுத்தது. வெள்ளைப் புள்ளி, கறுப்புப் புள்ளி, அடுத்தது. இதைத்தான் இரண்டு வருஷம் செய்திருக்கிறேன். முகம் சரோஜாவுடையது. போர்வை ஜரீனாவுடையது. கம்பெனி எங்களை அறுத்து அறுத்து வைத்திருக்கிறது. ஒருத்திக்கு இன்னொருத்தி வேலை தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் ஒருத்தியே முழுப் பொம்மையையும் செய்துவிடுவாள், அப்புறம் எதற்குப் பயப்படுவாள்?

நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் போர்வை வரவில்லை.

ஜூலை 6, வியாழன்

கண் வைத்தேன். கண் மட்டும் சரியாக இருக்கிறது. சேற்றில் விழுந்து எழுந்த பிச்சைக்காரர்கள் மாதிரி ஒரு கூட்டம், எல்லோருக்கும் ராஜகுமாரன் கண். அம்மா பார்த்துவிட்டு, "பாவம், என்னாத்துக்கு இப்டி முழிக்கிறானுங்க?" என்றாள்.

ஜூலை 11, செவ்வாய்

ஜரீனாவிடம் கேட்டேன். "மடிப்புல எப்படி இருட்டு வர வைக்கிற?"

"எதுக்கு?"

"சும்மா."

பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "தேவநாதன் கேக்கச் சொன்னானா?"

"ஐயோ, இல்லடி."

"நான் ரெண்டு வாரம் இல்லாதப்ப என் சீட்ல வேற ஆள ஒக்கார வெச்சாங்க. அடுத்து நீயா? இப்ப மடிப்பு எப்டி, இருட்டு எப்டின்னு கேக்குற. நீ கண்ணும் வெச்சி போர்வையும் அடிச்சன்னா நான் எதுக்கு இங்க?"

"சத்தியமா அதுக்கில்ல."

"பின்ன எதுக்குன்னு சொல்லு."

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றால் அண்ணா நகரிலிருந்து தொடங்க வேண்டும்.

"என் பொண்ணுக்கு ஒரு பொம்ம குடுன்னு கேட்டேன். அதுவே இன்னும் வர்ல" என்றாள். அதற்கப்புறம் நாள் முழுக்கப் பேசவில்லை.

ஜூலை 19, புதன்

பேசவில்லை. டிரேயைத் தள்ளும்போது கை மட்டும் தெரிகிறது.

ஜூலை 23, ஞாயிறு

கிளப்பில் என் படையைக் காட்டினேன். ஒருத்தன் சிரித்துவிட்டு இருமுவதுபோல் நடித்தான். ரகுநந்தன் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "பரவால்ல, இது உன் கை. நேர்மையா இருக்கு. ஆறாம் தேதி மெம்பர் ஆயிடுவ" என்று தோளில் தட்டினார்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வழியில் இரண்டு முறை ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு நடந்தேன்.

ஜூலை 29, சனி

இரண்டு நாளாகக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம். ஜரீனா. கையில் ஒரு தூக்கு.

"பேசலன்னு நெனைக்காத. ரசம் கொண்டாந்தேன், குடிச்சிட்டு சண்டய கண்டினியூ பண்ணலாம்" என்று உள்ளே வந்து உட்கார்ந்தாள். அம்மா டீ போடப் போனாள்.

மறைக்க நேரமில்லை. ஜன்னல் கட்டையில் படை நின்றுகொண்டிருந்தது, முழித்துக்கொண்டு. முன்னால் அந்த ஒரே ஒரு நீலம்.

ஜரீனா எழுந்து போய்ப் பார்த்தாள். நீலத்தைக் கையில் எடுத்தாள். மற்றவற்றில் ஒன்றை எடுத்து, கழுத்தில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினாள். நீலம் வந்தது.

"மத்ததெல்லாம்?"

"கழுவிட்டேன்."

"எதுக்கு?"

காய்ச்சல் நல்லது. வாய் தானாகத் திறக்கிறது. அண்ணா நகர், மெம்பர், விருந்தாளி, காபி, ஆகஸ்ட் ஆறு, எல்லாம் சொன்னேன். "கையால அடிச்சதுதான் வெக்கணுமாம். ஃபேக்டரில அடிச்சது வெக்கக் கூடாதாம்."

"சரி."

"அதான் கழுவிட்டு நானே அடிச்சேன்."

"சரி. நான் எதால அடிச்சேன்? காலாலயா?"

அம்மா டீயோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ஜரீனா கத்தவில்லை. சிரிக்கக்கூடச் செய்தாள், பாதிச் சிரிப்பு. "அவனுங்களுக்குத் தெரியாது, சரி. பாத்ததில்ல. நீ பக்கத்துல ஒக்காந்துனு இருந்தியேடி. கண்ணு வெச்சியே. ரெண்டு வாரம் கூலி போச்சு எனக்கு அந்த நீலத்துக்கு. தண்ணில உட்டுட்ட."

நான் என்ன சொன்னேன் என்று எழுதப் போவதில்லை. எழுதுகிற மாதிரி எதுவும் சொல்லவில்லை.

போகும்போது நீலத்தைத் திரும்ப ஜன்னலிலேயே வைத்தாள்.

"எடுத்துட்டுப் போ ஜரீ. உன் பொண்ணுக்கு."

"அவனுங்ககிட்ட காட்டிட்டு அப்புறம் குடு. யாரு அடிச்சான்னு கேட்டா பேரு சொல்லு. எனக்குப் பேரு இருக்குல்ல?"

ரசத்தில் மிளகு அதிகம். முழுவதும் குடித்தேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

பேசுகிறாள். பழைய மாதிரி இல்லை. "கோட்டு சூட்டு போட்டுனு போ" என்று கிண்டல் செய்தாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன். 

பத்து மேஜை போட்டிருந்தார்கள். ரகுநந்தன் ஒவ்வொரு மேஜையாக வந்து படையைப் பார்த்து, யார் கை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். தணிகாசலம் சார் சுவரோரம் நாற்காலியில், மடியில் தன் பெட்டியோடு. ஜட்ஜாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். ஆனால் வந்திருந்தார்.

என் முறை வந்தது. பிச்சைக்காரப் படை நின்றது, முன்னால் தளபதியாக நீலம்.

"இதெல்லாம் உன் கை, தெரியும்" என்றார் ரகுநந்தன். நீலத்தை எடுத்தார். "இது அந்தப் பழசு இல்ல? இத உரிக்கலையா?"

"அதுவும் கையால அடிச்சதுதான்."

"யார் கை?"

"ஜரீனா."

புருவம் உயர்ந்தது. "ஜரீனா? எந்த ஸ்டுடியோ?"

"அம்பத்தூர்ல."

"அம்பத்தூர்ல ஸ்டுடியோவா? எனக்குத் தெரியாதே! அன்னைக்கே நெனைச்சேன், இந்த மடிப்புல இருக்கற ஷேடிங் மெஷினுக்கு வராது." பொம்மையை விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். "பிரமாதம் இல்ல? கமிஷன் எடுப்பாங்களா? நம்பர் குடு." பேனாவை எடுத்துவிட்டார். "ஜரீனா ஸ்டுடியோஸ், அம்பத்தூர். ஓகே. உள்ள வா ஆக்னஸ், வெல்கம்."

அவ்வளவுதான். ஒரு தலையாட்டல் போதும். நான் மெம்பர், ஜரீனா ஆர்டிஸ்ட். இரண்டு மாதமாக எதற்கு அலைந்தேனோ அது அந்தப் பேனா முனையில் நின்றது. பொய்கூட நானாகச் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொண்டார்.

அதுதான் பொறுக்கவில்லை. ஸ்டுடியோ என்றதும் அதே நீலம் பிரமாதம் ஆகிவிட்டது.

"ஸ்டுடியோ இல்ல ரகு. ஃபேக்டரி. நீங்க மெஷின்னு சொல்றீங்களே, அது ஜரீனாதான். நான் அவ பக்கத்துச் சீட்டு. கண்ணு வெக்கிறவ."

ரகுநந்தனின் பேனா நின்றது.

"நீ டிசைன்னு..."

"பொய் சொன்னேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஆக்னஸ். நாங்க வேற மாதிரி பாத்திருப்போமா?"

"அப்போ காபி வாங்க யார் போயிருப்பாங்க?"

யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்தால் எழுதவே சுலபமாக இருக்கும். எழுதிய பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்: "அப்போ இது ப்ரீபெயின்ட். நானே விரும்பினாலும் ரூல் எல்லாருக்கும் ஒண்ணு. இன்னைக்கு இத விட்டா நாளைக்கு எல்லாரும் பெட்டிய அப்படியே தூக்கிட்டு வருவாங்க. இந்த ஒண்ண மட்டும் எடுத்துடு. மத்தத வெச்சு ஆடு. நீ ஜெயிப்ப, எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரியும். எதிரில் நின்றவன் ஆட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். நான்காவது சுற்றில் அவனை முடித்திருப்பேன்.

"ரெண்டு நிமிஷம் முன்னாடி பிரமாதம்னீங்க."

"ஆக்னஸ், ப்ளீஸ்."

"இவன் தளபதி. இவன எடுத்துட்டு ஆட முடியாது."

படையை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டேன். ஐஸ்கிரீம் டப்பா, இன்னும் டெட்டால் வாசனை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பக்கத்து மேஜையில் தாயக்கட்டை உருள ஆரம்பித்தது.

கதவருகில் தணிகாசலம் சார் என்னை நிறுத்தினார். மடியிலிருந்த பெட்டியைத் திறந்தார். வரிசை வரிசையாகச் சிவப்புப் போர்வைகள். ஒன்றை எடுத்து, நடுங்குகிற விரலால் என் முகத்தருகே நீட்டினார்.

"இந்தக் கண்ணு நீயாம்மா?"

"கண்ணு மட்டும் சார்."

"எல்லாருக்கும் பேர் வெச்சிருக்கேன். இவன் சொக்கன். பயந்த பய, எப்பவும் கடைசிலதான் நிப்பான். கண்ணப் பாத்துத்தான் பேரே வெச்சேன்."

சொக்கனைப் பார்த்தேன். என்றைக்கு, எந்த டிரேயில் வைத்த கண்ணோ. எனக்கு நினைவில்லை.

"நான் ரகுகிட்ட பேசறேன்மா. அடுத்த வாரம் வா" என்றார். பேசுவாரோ மாட்டாரோ. அவர் என்னோடு கீழே இறங்கி வரவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு போய்ப் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

காபிக் கடைக்காரன், "மேடம், இன்னைக்கு எத்தன?" என்று கேட்டான். தெருவில் இறங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

"ஜெயிச்சியா?"

"ஆடவே உடல."

"பேரு சொன்னியா?"

"சொன்னேன். ஜரீனா ஸ்டுடியோஸ்னு எழுதிக்கினாங்க. அப்புறம் அடிச்சிட்டாங்க."

"எத்தன நிமிஷம் இருந்துச்சு என் ஸ்டுடியோ?"

"ரெண்டு."

"போதும். நல்லா ஓடிச்சு" என்றாள். நீலத்தை வாங்கி ஒரு முறை ஊதிவிட்டு, ஜாக்கெட்டுக்குள் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டாள். கேட்டில் சோதனை செய்கிறவளுக்கு என்ன சொல்வாள் என்று கேட்டேன். "வேண்டுதல்னு சொல்லுவேன்" என்றாள். நான் கழுவியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை. அது தெரிகிறது.

காலை முழுக்கச் சிவப்பு. கார்டில் உள்ளபடி பட்டையான சிவப்பு, கீழே ஒரு கோடு இருட்டு. தேவநாதன் பின்னாலேயே நின்றான், இரண்டு டிரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு வந்த டிரேயில் ஒன்றை எடுத்து, கண் வைக்கச் சாய்த்தபோதுதான் பார்த்தேன். போர்வையின் உள்பக்கம், முதுகுக்கும் துணிக்கும் நடுவில் பிரஷ் நுனி மட்டும் நுழைகிற இடுக்கில், ஒரே இழுப்பு. நீலம். அடுத்ததை எடுத்தேன். அதிலும். டிரே முழுக்க. கியூ.சி. விளக்கு மேலேயிருந்துதான் அடிக்கும். தெரியாது.

இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஜரீனா பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

என் வேலை கண். கண் வைத்தேன். கண் நேராகப் பார்க்க வேண்டும் என்று கார்டில் இருக்கிறது. இன்று மதியத்திலிருந்து போன எல்லாக் கண்களும் ஒரு மயிரிழை இடப்பக்கம் பார்க்கின்றன.